கப்பலில் சூட் எடுக்கலாமா, சாதாரண ரூம் போதுமா? மூன்று பயணம் போய் வந்த கணக்கு

நாங்கள் சிங்கப்பூரில் இருப்பதால், திருச்சியிலிருந்து யார் கிளம்பி வந்தாலும் ஊர் சுற்றும் திட்டத்தில் கப்பலும் சேர்ந்துவிடுகிறது. உடனே எனக்கு ஒரு போன் வரும், "நீங்க மூணு தடவை போயிருக்கீங்களே, எந்த ரூம் போடட்டும்?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். முதல் தடவை போனது ஜன்னலே இல்லாத உள் ரூமில். இரண்டாவது தடவை அதே மாதிரி ஒரு பெரிய கப்பல், ஆனால் சூட், அதாவது தனிச் சலுகைகளோடு வரும் பெரிய, விலை அதிகமான ரூம். மூன்றாவது, எல்லா ரூமுமே சூட்டாக இருக்கும் சின்ன சொகுசுக் கப்பல். மூன்றுக்கும் எங்கள் கைக்காசைப் போட்டுத்தான் போனோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு வரிசையில் நிற்காமல் இருப்பதற்கும், கூட்டமில்லாத ஓர் இடத்தில் உட்காருவதற்கும் போகிறது. ரூம் பெரிதாக இருப்பது அதற்கு அப்புறம்தான். உங்களோடு வருகிறவர்களுக்கு அந்த இரண்டும் எவ்வளவு தேவை என்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

உள் ரூமில் போனது நான்கு இரவு, பினாங்கும் புக்கெட்டும். 160 சதுர அடி இருந்திருக்கும். பையனுக்கு மேலே சுவரிலிருந்து இறக்கும் படுக்கை, பெண்ணுக்கு சோபா படுக்கை, நான்கு பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் நடக்க இடம் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டால் காலை ஏழு மணியா நடுராத்திரியா என்றே தெரியாது, அதனாலேயே நான்கு பேரும் நன்றாகத் தூங்கினோம். ரூமில் இருந்ததும் தூங்கும் நேரம் மட்டும்தான். நீச்சல் குளம், சறுக்கு, இரவு மேடை நிகழ்ச்சி, பஃபே எல்லாமே சூட்டில் இருப்பவருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே வந்து கட்டுகிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும், லெபு பசார் தெருவில் காலை இட்லியும் காபியும் சாப்பிட்டுவிட்டு மெதுவாகத் திரும்பினோம். அங்கே எந்த ரூம்காரர் என்று யாருக்கும் வித்தியாசம் கிடையாது.

சிரமம் எல்லாம் வரிசையில்தான். கப்பல் ஏறவே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றோம். காலை எட்டரைக்கு பஃபேக்குப் போனால் கையில் தட்டோடு மேசை தேடி அலைய வேண்டும். புக்கெட்டில் படோங் கடற்கரைப் பக்கம் பெரிய கப்பல் கரையில் கட்ட முடியாது, கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கு டோக்கன். எங்கள் எண் வந்தபோது பதினொன்றரை. மாலை ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றால் கையில் இருந்த நேரத்தைப் பாருங்கள். சூட்காரர்களை முதல் படகிலேயே அனுப்பிவிடுகிறார்கள், அந்த இரண்டரை மணி நேரம் அவர்களுக்கு மிச்சம்.

டிக்கெட் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டிப்ஸ் தனியாக, தினமும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் அது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர் என்று வந்துவிட்டது, சூட் என்றால் 21. குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர், நான்கு நாள் என்று பெருக்கினால் ஏறக்குறைய 300 டாலர் டிப்ஸுக்கே போகிறது. வைஃபை தனி, பாட்டில் ஜூஸும் சோடாவும் தனி. மதுவுக்கான பேக்கேஜ் எடுத்தால் அதே ரூமில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எடுத்தாக வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் இருக்கிறது, எனவே கணவர் மட்டும் குடிப்பார் என்ற கணக்கு செல்லாது.

இரண்டாவது பயணம் மாமா அத்தைக்காக. மாமாவுக்கு எண்பது முடிந்து திருச்சியில் சதாபிஷேகம் நடந்தது, அந்த டிசம்பரிலேயே இருவரையும் சிங்கப்பூருக்கு அழைத்து வந்து கப்பலில் கூட்டிப் போக வேண்டும் என்று என் கணவருக்கு ஒரே பிடிவாதம். மாமாவுக்கு முட்டி வலி, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. அத்தை வெங்காயம் பூண்டு தொடமாட்டார். உள் ரூமில் வாங்கிய அனுபவத்தில் இரண்டு மணி நேர வரிசை அவர்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சூட்.

பெரிய கப்பல்களில் இப்போது இதைக் கப்பலுக்குள் கப்பல் மாதிரி அமைத்துவிடுகிறார்கள். எம்எஸ்சி கம்பெனி 2008இல் எம்எஸ்சி ஃபாண்டேசியா கப்பலில் யாட் கிளப் என்று ஆரம்பித்தது: தனி உணவகம், தனிக் குளம், தனி ஓய்வறை, நம் ரூமைக் கவனிக்கவென்றே பட்லர் என்று ஒரு பணியாள். நார்வீஜியனில் அதற்குப் பெயர் தி ஹேவன், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கெண்டிங் ட்ரீமில் தி பேலஸ். ராயல் கரீபியன் சூட்டுகளையே சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று படியாகப் பிரித்து, ஸ்டார் வகைக்கு மட்டும் கூடவே இருந்து எல்லாம் ஏற்பாடு செய்ய ஒரு ஆளைத் தருகிறது, அவரை ஜீனி என்பார்கள். குனார்டின் குவீன் மேரி 2இல் நீங்கள் எடுக்கும் ரூமை வைத்தே எந்தச் சாப்பாட்டு அறை என்று முடிவாகும், பிரிட்டானியாவா, பிரின்சஸ் கிரில்லா, குவீன்ஸ் கிரில்லா என்று. பழைய காலத்து முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு வேறு பெயரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் மாமா அத்தைக்கு மட்டும் சூட், நாங்கள் நால்வரும் பால்கனி ரூம் என்றுதான் நினைத்தோம். விசாரித்தபோது தெரிந்தது, அந்தத் தனி உணவகமும் ஓய்வறையும் சூட் அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான். எங்களை விட்டுவிட்டு அத்தை தனியாகப் போய்ச் சாப்பிட உட்கார மாட்டார். ஆக இரண்டு சூட். குடும்பமாகப் போகிறவர்கள் இதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் பட்ஜெட் இந்த ஒரு விஷயத்தில்தான் இரட்டிப்பானது.

போன பிறகு, கொடுத்த காசுக்குப் பலன் முதல் நாளே தெரிந்தது. தனி வாசல், உட்கார நாற்காலி, குடிக்க எலுமிச்சை ஜூஸ், கால் மணி நேரத்தில் மாமா கப்பலுக்குள். அந்தச் சின்ன உணவகத்தில் இருபது மேசைதான் இருக்கும். முதல் இரவு அத்தைக்கு என்னென்ன ஆகாது என்று சொன்னோம், இரண்டாம் நாள் காலையிலிருந்து நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தட்டு தனியாக வந்தது, கூடவே ஒரு கிண்ணம் தயிர். வெளியூரில் எதைச் சாப்பிடுவது என்று எப்போதும் பயந்துகொண்டே இருக்கும் அத்தை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தபோது, இதற்காகவே கொடுக்கலாம் என்று தோன்றியது. பட்லர் அப்படி இல்லை. நல்ல மனிதர், மரியாதையானவர், ஆனால் எங்களுக்கு அவரிடம் கொடுக்க வேலையே இல்லை. இரண்டு வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுத்தார், தினமும் மாலை தட்டில் ஏதாவது தின்பண்டம் கொண்டுவந்தார். பட்லர் உண்டு என்பதற்காக மட்டும் யாரும் சூட் எடுக்க வேண்டாம். பிள்ளைகள் இருவரும் சூட் பக்கமே தலை காட்டவில்லை, அவர்களுக்குக் கீழே கூட்டமாக இருக்கும் குளமும் சறுக்கும்தான் வேண்டியிருந்தது, தனிக் குளத்தில் அவர்கள் வயதில் ஒரு பிள்ளையும் கிடையாது.

இப்போது யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். விலை அதிகமான ரூம்கள் பெரும்பாலும் கப்பலின் உச்சித் தளங்களில் இருக்கின்றன, பல கப்பல்களில் உச்சியிலும் முன்பக்கம், நம் கடற்கரைக்காரர்கள் அணியம் என்று சொல்லும் பகுதியில். காட்சி அற்புதமாக இருக்கும். ஆனால் ஏற்றப்பலகை விளையாட்டில் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் தெரியாது, நுனியில் இருப்பவன்தான் ஏறி இறங்குவான். கப்பலும் அப்படியேதான். அலை வந்தால் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், உயரம் கூடக் கூட பக்கவாட்டு ஆட்டமும் கூடும். நாங்கள் போனது வியட்நாம் பக்கம், டிசம்பர், தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதம். இரண்டாம் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தது. அலமாரிக் கதவு தானாகத் திறந்து மூடியது, மேசையில் வைத்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. அத்தை விடிய விடிய வாந்தி. மாத்திரை கொடுத்து, இஞ்சி கொடுத்து, ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ராத்திரி இரண்டு மணிக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கீழே ஐந்தாம் தளத்துக்கு, கப்பலின் நடுவில் இருக்கும் கூடத்துக்குக் கூட்டிப்போய் சோபாவில் படுக்க வைத்தேன். அங்கே ஆட்டம் பாதிகூட இல்லை. அரை மணியில் தூங்கிவிட்டார். அவ்வளவு காசு கொடுத்த சூட் மேலே காலியாகக் கிடக்க, நானும் அத்தையும் விடியும்வரை அந்தக் கூடத்தில்தான் இருந்தோம். முன்பதிவின்போது எங்களுக்கு ரூம் போட்டுக் கொடுத்தவர்கள் வயதானவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. மலாக்கா நீரிணையில், அதாவது பினாங்கு போகும் வழியில், சுமத்ரா மறைத்துக்கொள்வதால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பெரியவர்களோடு முதல் தடவை போகிறீர்கள் என்றால் அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, நானும் கணவரும் மட்டும், பிள்ளைகளைத் திருச்சியில் விட்டுவிட்டு. கல்யாணமாகி இருபது வருஷம். ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏழு இரவு, கிரேக்கத் தீவுகள்.

இந்தச் சின்னக் கப்பல்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கப்பலுக்கு ஜிடி என்று ஒரு எண் போடுவார்கள். மொத்த டன் என்று சொல்வதால் எடை என்று நினைத்துக்கொள்கிறோம், அது உண்மையில் கப்பலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற பெரிய கப்பல் 2,48,663 ஜிடி. 2022இல் சென்னையிலிருந்து கிளம்பிய எம்பிரஸ் கப்பலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் அதைவிட ஐந்து மடங்கு. ரூமுக்கு இருவர் என்று 5,610 பேர், ஆக ஆளுக்கு 44. 2023இல் வந்த சில்வர் நோவா என்ற சின்ன சொகுசுக் கப்பல் 54,700தான், ஆனால் பயணிகள் 728 பேர், ஆளுக்கு 75. அங்கே கிடைக்கும் இடம் ரூமுக்குள் மட்டும் இல்லை, நடைபாதையில், சாப்பாட்டு அறையில், குளத்தருகே, லிஃப்டில் என்று எங்கும் இருக்கிறது. பெரிய கப்பலின் சூட்டில் கதவைத் தாண்டினால் மறுபடியும் ஐந்தாயிரம் பேர் நடுவில்தான் நிற்பீர்கள். இன்னொன்று, இந்தச் சின்ன சொகுசுக் கப்பல் கம்பெனிகளில் சில்வர்சீ இருப்பது ராயல் கரீபியன் குழுமத்தில், சீபர்ன் கார்னிவலுடையது, ரீஜென்ட் நார்வீஜியனின் தாய்க் கம்பெனியுடையது, எக்ஸ்ப்ளோரா எம்எஸ்சி குழுமத்துடையது. இரண்டு வகைக் கடையையும் நடத்துவது பெரும்பாலும் ஒரே முதலாளிகள்தான்.

ரீஜென்ட்டின் செவன் சீஸ் ஸ்ப்ளெண்டரில் 4,443 சதுர அடியில் ஒரு சூட் இருக்கிறது, கட்டில் மட்டும் இரண்டு லட்சம் டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். அதை விட்டுவிடுவோம். அந்த வகைக் கப்பலில் இருப்பதிலேயே சின்ன ரூம் பால்கனியோடு 300 சதுர அடிக்கு மேல் என்பதுதான் நமக்கு முக்கியம். அதனால் நாங்கள் எடுத்தது கடைசிப் படி, வேண்டுமென்றே ஆறாம் தளம், நடுப்பகுதி.

ஏழு நாளும் ஒரு பில்லில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. போட்டோ எடுக்கட்டுமா என்று யாரும் வந்து நிற்கவில்லை, ஒலிபெருக்கியில் பிங்கோ அறிவிப்பு இல்லை. எந்த நேரத்தில் போனாலும் மேசை கிடைத்தது. இரண்டாம் நாள் நாங்கள் சைவம் என்பதைக் கவனித்துவிட்டு சமையலறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார், தூத்துக்குடிக்காரர். "அக்கா, ரசம் வச்சுத் தரட்டுமா, பருப்பு இருக்கு, புளி இருக்கு, எனக்கும் சாப்ட்டு நாளாச்சு" என்றார். ஏஜியன் கடலுக்கு நடுவில், பீங்கான் கிண்ணத்தில் மிளகு ரசம். பதினோரு மாதம் அவர் ஊருக்குப் போகவில்லை. எங்களோடு ஐந்து நிமிஷம் தமிழில் பேசிவிட்டு ஓடிவிட்டார். அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், இது எந்த விலைப்பட்டியலிலும் இருந்ததல்ல.

ரோட்ஸ் தீவில் கோட்டை மதிலை ஒட்டினாற்போலக் கப்பல் நின்றது, இரவு பத்துவரை கிளம்பவில்லை. பகல் கூட்டம் போன பிறகு அந்தப் பழைய கல்தெருக்களில் நாங்கள் இருவரும் நடந்தோம். சான்டோரினியில் சின்னக் கப்பல் என்ற சலுகை ஒன்றும் செல்லாது. எல்லாக் கப்பலும் கீழே கடலில் நின்று படகில்தான் இறக்கிவிடும். பழைய துறையிலிருந்து மேலே ஊருக்கு ஏற கேபிள் கார், இல்லையென்றால் 588 படி. இன்னும் மூன்று கப்பல்கள் வந்திருந்தன, எல்லோருக்கும் ஒரே வரிசை. 2025 ஜூலையிலிருந்து அங்கே கோடை மாதங்களில் கப்பலில் வருபவர்களுக்குத் தலைக்கு 20 யூரோ வரியும் போட்டிருக்கிறார்கள், அதுவும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

குறை என்று பார்த்தால், இலவசம் என்று சேர்த்திருந்த ஊர் சுற்றல் நாற்பது பேர் பஸ்ஸில், கொடியைப் பிடித்துக்கொண்டு போகும் வழிகாட்டி பின்னால். அந்த ஒரு இடத்தில் மட்டும் சொகுசு ஒன்றும் தெரியவில்லை. இரவு பத்தரைக்கு மேல் கப்பலே தூங்கிவிடும், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள், எங்கள் பையன் வந்திருந்தால் இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்றிருப்பான். அப்புறம் முக்கியமானது: எல்லாம் உட்பட என்ற விலையில் ஷாம்பெயினும் ஒயினும் இறாலும் மாட்டுக்கறியும் அடக்கம். நாங்கள் குடிப்பதில்லை, கறி மீன் சாப்பிடுவதில்லை. பக்கத்து மேசைக்காரர் குடித்ததற்கும் சேர்த்து நாங்கள் கொடுத்த மாதிரித்தான். சைவமாகவும் மது இல்லாமலும் இருப்பவர்களுக்கு இந்த வகைக் கப்பல் மற்றவர்களுக்கு ஆவதைவிட உண்மையிலேயே அதிக விலை.

எங்கள் கணக்கில், டிப்ஸ் எல்லாம் சேர்த்து, ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு உள் ரூம் 210 சிங்கப்பூர் வெள்ளி, சூட் 520, சின்னக் கப்பல் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல், அதற்கு மேல் ஏதென்ஸ் விமானம். அந்த ஏழு இரவுக் காசில் உள் ரூமில் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் இருக்கலாம்.

ஆகவே முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பால்கனி ரூம், கப்பலின் நடுவில், ஏழு முதல் ஒன்பதாம் தளத்துக்குள். கப்பல் வரைபடத்தைத் திறந்து, மேலும் கீழும் ரூம்களே இருக்கிற இடமாகப் பாருங்கள். நேர் மேலே குளம் இருந்தால் விடிகாலை ஐந்துக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் ஆரம்பித்துவிடும். பால்கனிக்கு முன்னால் உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் முன்பதிவின்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், பெரும்பாலான கப்பல்களில் அதற்குத் தனியாகக் காசு இல்லை, ஏறும் இடத்து வரிசைப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். காலை பஃபேக்கு ஓடாமல் உட்கார வைத்துப் பரிமாறும் பெரிய சாப்பாட்டு அறைக்குப் போங்கள், டிக்கெட்டில் அதுவும் அடக்கம்தான், கூட்டமும் குறைவு. சூட்டுக்கு மாறிக்கொள்ள ஏலம் கேட்கச் சொல்லி கப்பல் கம்பெனியிடமிருந்து மெயில் வரும், குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு. ஆனால் எந்த இடத்து ரூம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, உச்சித் தளத்தில் அணியத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் அத்தைக்கு நடந்ததுதான். மூன்று தலைமுறையாகப் போய், ஒருவராவது நடக்கச் சிரமப்படுபவர் என்றால், அமைதியான கடல்வழியில், நடுப்பகுதியில் சூட் கிடைத்தால் எடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

மார்ச்சில் என் அப்பா அம்மா வருகிறார்கள். பினாங்கு, மூன்று இரவு, எட்டாம் தளம், நடு லிஃப்டிலிருந்து நான்கு கதவு தள்ளி இரண்டு பால்கனி ரூம், அடுத்தடுத்து. பணம் கட்டியாகிவிட்டது, சக்கர நாற்காலியும் சொல்லியாகிவிட்டது. நேற்று போனில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், "ஜன்னல் இருக்குல்ல பாப்பா?" பால்கனியே இருக்குப்பா, நாற்காலி போட்டு உட்காரலாம் என்றேன்.